வன்னியின் பேச்சை எது முதலில் கேட்கும்? சமூக ஊடகக் கண்காணிப்பும் ஒலிபரப்புக் கண்காணிப்பும்

மக்கள் மத்தியில் எந்த விடயம் திடீரெனப் பேசுபொருளாகிறது என்பதை உரிய நேரத்தில் அறிவது, வன்னியில் இயங்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நிவாரண அமைப்புகளுக்கும் சிறு ஊடகங்களுக்கும் மிகவும் தேவையான ஒன்று. நெல்லில் அறக்கொட்டிப் பூச்சி தாக்கினாலும், உரத்துக்குத் தட்டுப்பாடு வந்தாலும், இரணைமடுக்குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படப் போவதாகச் செய்தி பரவினாலும், முதல் நாளில் தெரிவதற்கும் நான்காம் நாளில் தெரிவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. இந்த வேலையைச் செய்து தருவதாகக் கூறும் தொழில்நுட்பங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். சமூக ஊடகத்தை மட்டும் பார்ப்பவை ஒரு வகை. வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்பைக் கேட்பவை இன்னொரு வகை. இரண்டையும் பொருத்திப் பார்ப்பவை மூன்றாவது வகை. விளம்பரப் பக்கங்களில் மூன்றாவது வகைதான் கவர்ச்சியாகத் தெரிகிறது. ஆயினும் வன்னிக்குப் பொருந்துவது இரண்டாவது வகையே என்பது என் உறுதியான கருத்து.

இரண்டையும் பொருத்திப் பார்க்கும் முயற்சியில் பெயர் பெற்றது புளூஃபின் லாப்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம். எம்.ஐ.டி. ஆய்வாளர்களான டெப் ராயும் மைக்கேல் ஃபிளைஷ்மனும் அதை 2008 இல் தொடங்கினார்கள். தன் மகன் மொழி கற்கும் விதத்தை ஆராய்வதற்காக வீட்டிலேயே ஏறத்தாழ 90,000 மணிநேரக் காணொளியைப் பதிவு செய்து, எந்தச் சொல் எந்தச் சூழலில் பிறந்தது என்று தேடியவர் டெப் ராய். அதே சிந்தனையையே அந்த நிறுவனம் தொலைக்காட்சிக்குக் கொண்டுசென்றது. ஒரு நிகழ்ச்சியின் எந்தக் கணம் எந்த ட்விட்டர் பதிவுகளைத் தூண்டியது என்பதை இயந்திரம் இணைத்துக் காட்டியது. அங்கே அது சாத்தியமானதற்கு ஒரு வலுவான அடிப்படை இருந்தது: அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேச்சு முழுவதும் திரையெழுத்தாகவும் ஓட வேண்டும் என்பது சட்ட விதி. ஆகவே பேச்சை எழுத்தாக்கும் பாரமான வேலையில் பெரும்பகுதி ஏற்கனவே முடிந்திருந்தது. நமது தமிழ் அலைவரிசைகளில் அத்தகைய எழுத்தோட்டம் கிடைப்பதில்லை.

இந்த வகையின் பெரிய பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. 2013 பெப்ரவரியில் புளூஃபினை ட்விட்டரே விலைக்கு வாங்கியது. ட்விட்டர் தரவை விற்றுப் பிழைத்துவந்த டேட்டாசிஃப்ட் நிறுவனத்துக்கு 2015 இல் அந்தத் தரவோட்டம் நிறுத்தப்பட்டது. ஒரு தளத்தின் தரவை நம்பி எழுப்பப்பட்ட சேவை, அந்தத் தளம் கதவை மூடும் நாளில் நின்றுபோகும் என்பதையே இந்த வரலாறு காட்டுகிறது.

சமூக ஊடகத்தை மட்டும் பார்க்கும் கருவிகளிலும் இதே கதை தொடர்கிறது. ட்விட்டரின் இன்றைய பெயரான எக்ஸ் தளம் 2023 இல் இலவசத் தரவு வழியை நிறுத்தி, அடிப்படைச் சேவைக்கே மாதம் 100 டொலர் கேட்டது. நம் கணக்கில் அது ஏறத்தாழ 30,000 ரூபாய். பேஸ்புக் பக்கங்களில் எது வேகமாகப் பரவுகிறது என்று ஊடகவியலாளர்கள் பார்த்துவந்த கிரவுட்டேங்கிள் 2024 ஓகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. அதற்குப் பதிலாகப் பேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா வைத்திருக்கும் உள்ளடக்க நூலகத்துக்குள் நுழைய, ஆய்வு நிறுவனம் ஒன்றின் பெயரில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். முல்லைத்தீவில் இரண்டு பேர் நடத்தும் செய்தித் தளம் ஒன்றுக்கு அது எட்டாத வழி. இலவசமாக எஞ்சியிருப்பது கூகுள் ட்ரெண்ட்ஸ். அது தேடல்களின் எண்ணிக்கையைத் தருவதில்லை. மாதிரித் தரவை எடுத்து, உச்சத்தை 100 ஆக வைத்து ஒப்பளவு காட்டுகிறது. குறைவாகத் தேடப்படும் சொற்கள் அதில் சுழியமாகவே தெரியும். மாகாண அளவில் பார்த்தாலும் வட மாகாணம் என்ற ஒரே கூட்டுக்குள் யாழ்ப்பாணமும் வன்னியும் கலந்துவிடுகின்றன.

செய்தித் தளங்களை 65 மொழிகளிலிருந்து மொழிபெயர்த்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஜிடெல்ட் திட்டமும் இலவசமே. ஆனால் செய்தியாகிவிட்டதைத்தான் அது அறியும். நமக்கு வேண்டியது செய்தியாவதற்கு முந்திய நிலை.

விலையைக்கூட ஒருவாறு சமாளிக்கலாம். சமூக ஊடகக் கருவிகள் வன்னியைப் பார்க்கும் விதத்தில் உள்ள பிழையைச் சமாளிப்பது கடினம். இக்கருவிகள் ஒரு சொல் வழக்கமாக எத்தனை முறை வருகிறது என்று சராசரி எடுத்து, அதைவிட வெகுவாக உயரும்போது எச்சரிக்கை தருகின்றன. இலட்சக்கணக்கான பதிவுகள் வரும் பெருநகரத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். ஒட்டுசுட்டான் பற்றி நாளொன்றுக்கு இரண்டு பதிவுகள் வருமென்றால், ஒரு குடும்பத்தின் திருமணப் படங்கள் ஏழெட்டு ஏறியவுடனேயே எச்சரிக்கை மணி அடிக்கும். அதைத் தவிர்க்க எல்லையை உயர்த்தினால், உண்மையான வெள்ளம் வந்தாலும் மணி அடிக்காது.

இதற்கு மேல் புலம்பெயர்ந்தோரின் குரல் இருக்கிறது. முல்லைத்தீவு என்ற சொல்லைத் தொடர்ந்து கவனிக்கும் எந்தக் கருவியிலும் முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 ஐ ஒட்டிப் பெரிய எழுச்சி தெரியும். அந்தப் பதிவுகளில் கணிசமானவை ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வருபவை. அந்த நினைவும் துயரமும் மெய்யானவை, மதிக்கத்தக்கவை. எனினும் அதே வாரத்தில் கொக்கிளாய்க் கடற்றொழிலாளர் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்பது அந்த அலைக்குள் காணாமல் போய்விடுகிறது. இங்கே வாழ்பவர்களோ பொதுவெளியில் எழுதுவதைவிட, வாட்ஸ்அப், வைபர் குழுக்களில் குரற்பதிவாகப் பேசுவதையே விரும்புகிறார்கள். அந்தக் குழுக்கள் எந்த நிறுவனத்தின் கருவிக்கும் திறந்திருப்பவை அல்ல. திறந்திருக்கவும் கூடாது.

ஒலிபரப்பைக் கேட்கும் வழிக்கு நாம் பார்க்க வேண்டிய முன்மாதிரி உகண்டா. அங்கே ஐக்கிய நாடுகள் சபையின் குளோபல் பல்ஸ் அமைப்பின் கம்பாலா ஆய்வுகூடம், தென்னாபிரிக்காவின் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, வானொலியில் மக்கள் தொலைபேசியில் பேசுவதை ஆராயும் கருவி ஒன்றை உருவாக்கியது. பாட்டையும் விளம்பர இசையையும் முதலில் விலக்கி, எஞ்சிய பேச்சில் குறித்த சொற்களை மட்டும் இயந்திரம் தேடும். அகப்பட்ட துண்டுகளை மனிதர் கேட்டு உறுதி செய்வார். லுகாண்டா மொழியுடன் அச்சோலி மொழிக்கும் அது செய்யப்பட்டது. அச்சோலி பேசப்படும் வட உகண்டாவும் போரால் இடம்பெயர்ந்து, முகாம்களில் வாழ்ந்து, ஊர் திரும்பிய மக்களின் நிலம் என்பதால், வன்னிக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதை இங்கே செய்வதற்கு வேண்டிய பொருட்கள் அதிகமில்லை. கொக்காவிலில் 2011 இல் திறக்கப்பட்ட 174 மீற்றர் ஒலிபரப்புக் கோபுரம் ஏ9 வீதியில் பயணிக்கும் எவருக்கும் தெரியும். தென்றல், சூரியன், சக்தி போன்ற தமிழ்ப் பண்பலைகளைப் பிடிக்க, யு.எஸ்.பி. குச்சி அளவிலான ஒரு வானொலி அலைவாங்கியும், சிறு அன்டனாவும், பழைய மடிக்கணினி ஒன்றும் போதும். 64 கிலோபிட் தரத்தில் பதிந்தால் ஓர் அலைவரிசையின் ஒரு மணிநேரம் ஏறத்தாழ 29 மெகாபைட், ஒரு முழு நாள் 700 மெகாபைட்டுக்குள் அடங்கும். பேச்சு நிகழ்ச்சிகளை மட்டும் பதிந்தால் இன்னும் குறையும்.

கடினமான இடம் பேச்சை எழுத்தாக்குவது. ஓப்பன்ஏஐ 2022 இல் இலவசமாக வெளியிட்ட விஸ்பர் என்னும் செயற்கை நுண்ணறிவு மாதிரி தமிழையும் எழுதும். ஆனால் அது பயின்ற 680,000 மணிநேர ஒலியில் ஆங்கிலமல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது ஏறத்தாழ 117,000 மணிநேரமே. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழுவின் மாதிரிகள் தமிழில் வலுவானவை என்றாலும், அவை பழகியிருப்பது தமிழகப் பேச்சு. “தம்பி, எங்கட பக்கம் வயலெல்லாம் அறக்கொட்டி பிடிச்சிட்டுது, கந்தோரிலை போய்ச் சொல்லியும் ஒருத்தரும் வரேல்லை” என்று ஒருவர் இரைச்சலான தொலைபேசி வழியே வேகமாகச் சொல்லும்போது, அந்த மாதிரிகள் முழு வசனத்தையும் சரியாக எழுதும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். ஆகவே முழுவதையும் எழுத்தாக்க முயலாமல், உகண்டாவில் செய்ததுபோல் ஐம்பது அறுபது சொற்களை மட்டும் தேடச் செய்து, அகப்பட்டதை ஊரவர் ஒருவர் கேட்பதே சரியான வழி. அந்தச் சொற்பட்டியலைக் கமநல சேவை நிலையத்தின் சுற்றறிக்கையிலிருந்து எடுக்காமல் வயற்காரரிடம் கேட்டு எழுத வேண்டும். சுற்றறிக்கையில் கபிலநிறத் தத்தி என்று இருப்பதை வயலில் அறக்கொட்டி என்றே சொல்கிறார்கள்.

நெருக்கடி நேரத்தில் இரண்டு வழிகளும் எப்படி நிற்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கையில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் அரசால் முடக்கப்பட்டன. எச்சரிக்கை மிகவும் தேவைப்பட்ட நாட்களில் தரவே இல்லாமற் போனது. வானொலிக்கு அந்த நிலை ஏற்படவில்லை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளம் போன்ற ஒன்றில் மின்சாரமும் இணையமும் போன வீட்டிலும் மின்கல வானொலி பேசும். பதிவு செய்யும் கணினிக்கு மின்கலம் ஒன்றைப் பொருத்திவிட்டால் அதுவும் தொடர்ந்து கேட்கும்.

வானொலியின் குறைகளை மறைக்க முடியாது. பெரிய தமிழ்ப் பண்பலைகள் கொழும்பிலிருந்து இயங்குகின்றன. நேரலையில் வன்னிக்குக் கிடைக்கும் நேரம் சிறிது. அறிவிப்பாளர் தலைப்பை மாற்றிவிட்டால் பேச வந்தவரின் கவலை பாதியில் அறுந்துவிடும். இவற்றைவிட என்னை உறுத்துவது, துணிந்து அழைத்துப் பேசுபவர்களில் ஆண்களின் குரலே ஓங்கிக் கேட்பது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் இத்தனை உள்ள மண்ணில் அது பெரிய இடைவெளி. இளையோரும் வானொலியில் இல்லை. அவர்கள் டிக்டொக்கிலும் யூடியூப்பிலும் இருக்கிறார்கள். இளையோரை நோக்கிய வேலை செய்பவர்களுக்கு, வேறு குறைகள் இருந்தாலும், சமூக ஊடகக் கருவியே பொருத்தம்.

கண்காணிப்பு என்ற சொல்லே வன்னியில் நெஞ்சை அடைக்கச் செய்யும். அந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு. 2009 இல் நியூயோர்க்கில் தொடங்கி, ட்விட்டர் தரவிலிருந்து உடனடி எச்சரிக்கைகளை உருவாக்கிய டேட்டாமினர் நிறுவனத்தின் சேவை அமெரிக்க உளவு அமைப்புகளுக்குச் செல்வதை 2016 இல் ட்விட்டரே தடுக்க நேர்ந்தது. சமூக ஊடகப் பதிவில் பெயரும் படமும் உறவினர் வட்டமும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. வானொலியில் பேசுபவர் ஊர் கேட்கும் என்று தெரிந்தே பேசுகிறார். ஊர்ப்பெயருக்கு மேல் அவரைப் பற்றி எதுவும் சேமிக்க வேண்டிய தேவையில்லை. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பினும், அதன் காவலை மட்டும் நம்பாமல், கேட்டு முடித்த ஒலித்துண்டுகளைக் குறித்த நாட்களுக்குள் அழித்துவிடுவது என்ற விதியைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் பணத்தில் நாடு முழுவதற்கும் வேலை செய்யும் அமைப்புக்கு, கட்டணம் செலுத்திப் பெறும் இணைந்த சேவை பயன்படலாம். கிளிநொச்சியிலோ மாந்தையிலோ இருக்கும் கமக்காரர் அமைப்புகள் சில ஒன்றுசேர்ந்து செலவிடுவதானால், மாதக் கட்டணத்துக்குப் போகும் அதே பணத்தை, வானொலியைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் உள்ளூர்ப் பெண் ஒருவருக்குப் பகுதிநேரக் கொடுப்பனவாகக் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். வடகீழ்ப் பருவமழை இறங்கும் முன்னர், அதாவது ஒக்டோபருக்குள், சொற்பட்டியல் தயாராக இருந்தால் அந்த ஆண்டின் வெள்ளத்துக்கும் பூச்சித் தாக்கத்துக்கும் அது உதவும்.