பாத மூட்டு இணைப்பு அறுவை சிகிச்சை: நாகர்கோவில் மருத்துவமனை ஒன்றின் சேவை

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் என் அண்ணனுக்கு, கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டை இணைக்கும் அறுவை சிகிச்சை நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. எலும்புகளைப் பிடித்து வைக்கும் திருகாணியைவிட மூட்டுப் பரப்பைத் தயார் செய்யும் முறையே முக்கியம் என்று, எலும்பு மாதிரியைக் கையில் வைத்து மருத்துவர் விளக்கியது பாராட்டத்தக்கது. குருத்தெலும்பை முழுவதும் சுரண்டி எடுத்து, அடியிலுள்ள கெட்டியான எலும்பில் நுண்துளைகள் இட்டு, சிற்றுளியால் மீன்செதில் போலக் கொத்தி இரத்தம் கசியச் செய்தால், இரு எலும்புகளும் ஒன்றாகக் கூடுவதற்கு அது வழிவகுக்கும். துளையிடும் சூட்டில் எலும்பு கருகாதிருக்க உப்புநீர் விடுகிறார்கள். தட்டையாக அறுத்தால் பாதத்தின் உயரம் குறையும் என்பதால், எலும்பின் இயல்பான வளைவையும் காத்திருக்கிறார்கள். எலும்பு கூடுவதற்குத் தடையாகும் பீடியைக் கண்டிப்புடன் நிறுத்தவைத்தது பெரிய உபகாரம். ஆனால், வாரக்கணக்கில் காலை ஊன்றக்கூடாதவர்கள் வரும் இடத்தில் சாய்தளம் இல்லாதது பெருங்குறை. அதை உடனே கட்ட வேண்டும்.