ஆணிக்குள் கிடக்கும் மோதிரம்: இரும்புக் குப்பை வளவில் எந்த மெட்டல் டிடெக்டர் எடுபடும்?

இலங்கையின் கிழக்குக் கரையில், நாவலடியிலோ மருதமுனையிலோ 2004 சுனாமிக்குப் பிறகு அத்திவாரம் மட்டும் மிஞ்சிய ஒரு வளவு. ஒரு சாண் மண்ணைக் கிளறினாலே கூரை ஆணி, கட்டுக்கம்பித் துண்டு, கதவுப் பிணைச்சல், ரின்பால் பேணி, சோடா மூடி, கறள் பிடித்த தகரத் துணுக்கு எல்லாம் ஒன்றாக வரும். மட்டக்களப்பு நகரப் பக்கத்துப் பழைய வளவுகளில் 1978 நவம்பர்ச் சூறாவளி கிழித்த தகரமும் இதோடு சேரும். இந்தக் குப்பைக்குள் விழுந்த ஒரு மோதிரத்தையோ தாலியையோ தேட எது உதவும் என்பதுதான் கேள்வி. கடையில் விலை கூடிய கருவி இங்கே பெரும்பாலும் சரியான விடை அல்ல.

முதலில் ஒன்று. இது சொந்த வளவில் தொலைந்த சொந்த நகை பற்றிய பேச்சு. புளியந்தீவுக் கோட்டைச் சுற்றுப்புறம், பழைய கோயில், விகாரை இடிபாடுகள் எல்லாம் கணக்கில் இல்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்கள் தொல்பொருள். அவற்றைத் தேடி அனுமதியின்றி அகழ்வது குற்றம், நிலம் உங்களுடையதாக இருந்தாலும் சரி. ஒல்லாந்தர் காலத்துச் செப்புச் சல்லி ஒன்று தற்செயலாகக் கிளம்பினால்கூட அதைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். டிடெக்டரோடும் மண்வெட்டியோடும் இறங்குமுன் பொலிஸ் நிலையத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் சொல்லிவிடுங்கள். இந்தப் பக்கத்தில் அந்தக் கருவியைக் கண்டால் அயலவருக்கு முதலில் நினைவு வருவது புதையல்தான்.

ஆழம் காட்டுவதா, பிரித்துக் காட்டுவதா?

விளம்பரங்கள் எல்லாம் ஆழத்தைத்தான் விற்கின்றன. ஆணி நிறைந்த நிலத்தில் ஆழம் இரண்டாம் பட்சம். மோதிரத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளி ஓர் ஆணி கிடந்தால், கொயில் (தடியின் நுனியில் நிலத்துக்கு மேலால் வீசும் தட்டு) இரண்டையும் ஒன்றாகப் பார்த்து ஒரே பொருளாகக் கணக்கிடும். இரும்பை ஒதுக்கும்படி கருவிக்குச் சொல்லியிருந்தால் அது ஆணியோடு மோதிரத்தையும் சேர்த்து மௌனமாக்கிவிடும். மோதிரம் நாலு அங்குல ஆழத்தில்தான் கிடக்கும், கருவி அதற்கு மேலால் நாலு தரம் போயிருக்கும், சத்தம் வந்திருக்காது.

இதற்குள் நேரக் கணக்கும் ஒன்று உண்டு. ஆணியின் சத்தத்தை முடித்துவிட்டு அடுத்த பொருளைக் கேட்கத் தயாராகக் கருவிக்குச் சிறு அவகாசம் வேண்டும். கொயிலை விநாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் வீசினால் 5 சென்ரிமீற்றர் இடைவெளியை அது 50 மில்லிசெக்கனில் கடந்துவிடும். மெதுவாக மீளும் கருவிக்கு அந்த நேரம் போதாது. வீச்சைப் பாதியாகக் குறைத்தால் 100 மில்லிசெக்கன் கிடைக்கும். புல்லு வெட்டுவதுபோல வீசுகிறவர்கள் நல்ல கருவியை வைத்துக்கொண்டும் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

போட்டியில் இருப்பவை

விட்டுவிட்டுக் காந்தத் துடிப்பு அனுப்பும் பல்ஸ் இண்டக்ஷன் வகையை முதலில் ஒதுக்கிவிடலாம். உப்பு மணலும் கருமணலும் இதை அவ்வளவாகக் குழப்புவதில்லை. கல்லடி, பாசிக்குடாவின் ஈர மணலில் இதற்கு நிகர் குறைவு. ஆனால் இரும்பையும் தங்கத்தையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆணி வளவில் இதைப் போட்டால் ஒவ்வோர் ஆணியும் கூவும், அதுவும் ஆழத்திலிருந்து. ஒரு பேர்ச் நிலத்தை முடிக்கவே நாள்கணக்காகும். கண்ணிவெடி அகற்றுவோர் பாவித்த பழைய கருவி எங்காவது கிடைக்கிறது என்று யாரேனும் சொன்னாலும் இதே பதில்தான். அது எல்லா உலோகத்தையும் காட்டுவதற்கென்றே செய்யப்பட்டது.

ஒற்றை அதிர்வெண் கருவிகள் அடுத்தவை. கரெட் ஏடி புரோ 15 கிலோஹேர்ட்ஸ். நொக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 12 கிலோஹேர்ட்ஸ். இந்த இடைப்பட்ட அதிர்வெண் மோதிரத்துக்குப் பொருந்தும். கரெட் ஏஸ் 250 போன்ற 6.5 கிலோஹேர்ட்ஸ் கருவி செப்புக்காசு, வெள்ளிக் கொலுசுக்கு நன்று, மெல்லிய தோட்டுக்கு மந்தம். ஏடி புரோவில் இரும்பைத் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டே போகும் வசதி உண்டு. பழகிய காதுக்கு அது பெரிய உதவி. குறை எங்கே வரும் என்றால் வாவியோரத்தில். மண் உவர் ஈரமாக இருந்தால் ஒற்றை அதிர்வெண் கருவி ஒன்றுமில்லாமலே கீச்சிடும். சென்ஸிட்டிவிட்டியைக் குறைத்தால் அடங்கும், அதோடு ஆழமும் போகும்.

ஒரே நேரத்தில் பல அதிர்வெண் அனுப்பும் கருவிகள் இந்த இடத்தில் முந்துகின்றன. மைன்லாப் எக்வினொக்ஸ் 800ஐ எடுத்துக்கொண்டால், மீளும் வேகத்தை 1 முதல் 8 வரை மாற்றலாம். ஆணி வளவில் 6 அல்லது 7. அயன் பயஸ் என்ற செட்டிங்கை உயர்த்தினால் கலப்புச் சத்தத்தை எல்லாம் இரும்பு என்று தள்ளிவிடும். அமைதி கிடைக்கும், மோதிரம் போகும். 0 முதல் 2க்குள் வைத்து, கூடுதலான கள்ளச் சத்தத்தைச் சகித்துக்கொள்வதே நல்லது. அதே கம்பெனியின் வான்குவிஷ் 540 விலை குறைந்தது. அதில் மீளும் வேகத்தைத் தொட முடியாது; அயன் பயஸ் கூட்டு, குறை என்ற இரண்டே நிலை. ஆனால் 8×5 அங்குலச் சிறு கொயிலோடு அது எதிர்பார்ப்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

எக்ஸ்பி டியூஸின் முதற் பதிப்பு பல அதிர்வெண்ணை ஒரே நேரத்தில் அனுப்புவதில்லை. இருந்தும் இரும்புக்குள் பிரித்துக் காட்டும் வேகத்தில் இன்றைக்கும் பலவற்றை மிஞ்சும், பாரமும் ஒரு கிலோவுக்குள்தான். உலர்ந்த வளவு மட்டும்தான் தேடப்போகிறீர்கள் என்றால் பழைய டியூஸ் ஒன்று புதிய நடுத்தரக் கருவியைவிட மேல். ஈரக் கடற்கரையும் பார்க்க வேண்டும் என்றால் எக்வினொக்ஸ்.

‘தங்கத்தை மட்டும் காட்டும்’, ‘முப்பது அடி ஆழம்’ என்று விற்கும் அன்ரெனா ஸ்கேனர்களை ஒப்பிட ஒன்றுமில்லை. தங்கத்தையும் அலுமினியத்தையும் நிலத்துக்குள் வைத்து வேறு பிரிக்கும் கருவி கிடையாது. மாத்திரைக் கார்ட்டின் ஈயத்தாளும் (அதுவும் அலுமினியமே) மெல்லிய மோதிரமும் கருவியின் திரையில் ஒரே இலக்கத்தில் வரும். ஈயத்தாளைக் கேட்காமல் அடைத்தால் மோதிரத்தையும் அடைத்ததாகவே அர்த்தம். நம் பக்கத்து நகை 22 கரட், அதாவது நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். அதனால் பாரமான காப்பும் மோதிரமும் மேல்நாட்டு வீடியோக்களில் காட்டும் 9, 14 கரட் மோதிரங்களைவிட உயர்ந்த இலக்கத்தில் விழும். அந்த வீடியோக்களைப் பார்த்து இலக்கம் மனனம் செய்ய வேண்டாம்.

கொயில்தான் தீர்ப்பு

கருவியோடு வரும் 11 அங்குலக் கொயிலை வீட்டில் விட்டுவிட்டு 6 அங்குலக் கொயிலை மாட்டுங்கள். விலை கூடிய கருவி பெரிய கொயிலோடு செய்யாததை, நடுத்தரக் கருவி சிறு கொயிலோடு செய்யும்.

பெரும்பாலான புதிய கொயில்கள் டிடி வகை. அவை நிலத்தை அகலமாகப் பார்ப்பதில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் நீண்ட ஒரு ஒடுங்கிய கீற்றில்தான் உச்சமாகப் பார்க்கின்றன. இடம் வலமாக வீசும்போது பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் ஆணியும் மோதிரமும் தனித்தனியாகக் கேட்பது இதனால்தான். அதே ஆணி மோதிரத்துக்கு முன்னால் கிடந்தால், கீற்று இரண்டையும் ஒருமிக்கத் தொடும். 11 அங்குலக் கொயிலில் அந்தக் கீற்று ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர் நீளம். 6 அங்குலத்தில் 15. கீற்று குறுகக் குறுக ஆணியும் மோதிரமும் ஒன்றாகச் சிக்கும் வாய்ப்பு குறையும். வளவை வடக்குத் தெற்காக ஒருமுறை, கிழக்கு மேற்காக ஒருமுறை என இரு தரம் நடக்கச் சொல்வதும் இதற்காகவே.

சிறு கொயில் மோதிரத்தை உத்தேசமாக 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரைதான் காட்டும். அதற்குக் கீழே வேண்டும் என்றால் பெரிய கொயிலுக்குப் போகாதீர்கள். மேல் மண்ணை அரை அடி வழித்து ஒதுக்கிவிட்டு மீண்டும் தேடுங்கள். சுனாமிக்குப் பிறகு கிரவல் நிரப்பி உயர்த்திய வளவுகளில் இது கட்டாயம். நகை விழுந்த பழைய தரை கிரவலுக்கு அடியில் இருக்கும், கிரவல் தானே இரும்பு ஒக்சைட்டு நிறைந்த கல். அதன்மேல் கொயிலை நேரே நகர்த்தினால் தங்கத்தின் சத்தம் கிரவலின் இரைச்சலுக்குள் அமுங்கும். கொயிலை நிலத்துக்கு மேலே ஏற்றி இறக்கிக் கிரவுண்ட் பலன்ஸை (மண்ணின் சொந்த இரைச்சலைக் கழிக்கும் செட்டிங்கை) ஒவ்வொரு பத்துப் பதினைந்து அடிக்கும் புதுப்பிக்க வேண்டும். திருக்கோவில் பக்கத்துக் கருமணலுக்கும் இதே முறை.

கொன்சென்ரிக் என்ற பழைய வகைக் கொயில் சோடா மூடியை டிடியைவிட நன்றாக அடையாளம் காணும். கிரவலில் தடுமாறும். உலர்ந்த வெண்மணல் வளவுக்கு மட்டும் அது சரி.

வாங்குமுன் ஒரு பலகைச் சோதனை

கடையிலோ இரவல் தருபவர் வீட்டிலோ பத்து நிமிடத்தில் செய்யக்கூடியது. உலோகம் இல்லாத ஒரு பலகை. அதன் நடுவில் ஒரு 22 கரட் மோதிரம், தொலையாமல் இருக்க நூல் கட்டியே வையுங்கள். மோதிரத்தைச் சுற்றி இரண்டு அங்குல இடைவெளியில் கறள் பிடித்த இரண்டங்குல ஆணி நான்கு, வேறு வேறு திசை பார்த்து. பலகைக்கு மூன்று அங்குலம் மேலாகக் கொயிலை வீசுங்கள். பலகையைக் கால் வட்டமாகத் திருப்பி மறுபடி. இப்படி நான்கு திசைக்கும் இரண்டு வீச்சு, மொத்தம் எட்டு. எட்டில் எத்தனை முறை உயர்ந்த குரல் தெளிவாகக் கேட்கிறது என்று எண்ணுங்கள். 11 அங்குலக் கொயிலில் எட்டுக்கு ஒன்று கேட்கும் கருவி சிறு கொயிலில் நான்கு, ஐந்து கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒருமுறைகூடக் கேட்காவிட்டால் வாங்க வேண்டாம்.

மோதிரத்துக்குப் பதில் சில்லறையை வைக்காதீர்கள். 2005க்குப் பிறகு வந்த ரூபாய்க் குற்றிகள் பலவும் முலாம் பூசிய உருக்கு. காந்தத்தில் ஒட்டும், கருவிக்கு அது ஏறத்தாழ இரும்பே.

கள்ளச் சத்தங்கள்

கறள் ஆணி ஒருபுறமிருந்து வீசும்போது உயர் குரலில் ஏமாற்றும். 90 பாகை திரும்பி வீசினால் சத்தம் உடையும், அல்லது இடம் மாறும். மோதிரத்தின் சத்தம் இரு திசையிலும் ஒரே புள்ளியில் நிற்கும். வொஷர், சங்கிலிக் கண் போன்ற வளைய இரும்புகள் இந்தச் சோதனையையும் தாண்டிவிடும், தோண்டித்தான் பார்க்க வேண்டும். கொயிலை ஓர் அடி உயர்த்தியும் சத்தம் குறையாவிட்டால் கீழே தகரம். சோடா மூடியின் மேலிருந்து கொயிலை உங்களை நோக்கி மெல்ல இழுத்தால், அதன் நுனி மூடியைத் தாண்டும் இடத்தில் இரும்புக் குரல் கரகரக்கும்.

உயர்ந்த குரல் ஒரே இடத்தில் மூன்று நான்கு வந்தால் துவக்குச் சன்னத்தின் பித்தளைக் கோதாகவும் இருக்கலாம். கிழக்கு மண்ணில் அது புதுமையல்ல. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்றதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. வெடிக்காத குண்டு, எறிகணை பற்றி அந்த அறிவிப்பை நம்பி அலவாங்கு போடக்கூடாது. கோது ஒன்று கிளம்பினால் அதற்குப் பிறகு கையளவு கரண்டியால் பக்கத்திலிருந்து மட்டும் வழியுங்கள். உருண்டையாகவோ சிறகோடோ பாரமான இரும்பு தெரிந்தால் தொடாமல் விலகி 119க்கு அழையுங்கள்.

காந்தமும் அரிதட்டும்

இரும்புக்குள் கேட்பதற்கு மாற்று, இரும்பை முதலில் அகற்றுவது. பழைய ஸ்பீக்கர்க் காந்தம் நாலைந்தை ஒரு தடியில் கட்டி மேல் மண்ணைக் கிளறி இழுத்தால் சிறு ஆணியில் பெரும்பகுதி ஒட்டிக்கொள்ளும். செலவு சில நூறு ரூபாய். அதன்பிறகு சாதாரணக் கருவியும் புத்திசாலி ஆகிவிடும்.

விழுந்த இடம் கிணற்றடி, கோடிப்புறம் என்று ஓரளவு தெரிந்தால் டிடெக்டரே வேண்டாம். பத்தடிக்குப் பத்தடி நிலத்தை அரை அடி ஆழத்துக்கு எடுத்தால் 50 கன அடி, அதாவது அரைக் கியூப் மண். மேசன்மார் மணல் அரிக்கும் கால் அங்குலக் கண் அரிதட்டோடு இரண்டு பேர் ஒரு நாளில் முடிக்கலாம், மண் உலர்ந்திருந்தால். மாரி மழையில் நனைந்த மண் கண்ணை அடைத்துவிடும்.

சங்கிலி தொலைந்தவர்கள் அரிதட்டையே நம்ப வேண்டும். கருவிக்கு மெல்லிய சங்கிலி ஒரு நீளப் பொருளாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக, மிகச் சிறிதாகத் தெரியும். மூன்று பவுண் சங்கிலி ஒன்று ஒரு சிறு தோடு அளவுக்கும் சத்தம் தராமல் போகலாம். தாலிக்கொடியில் சத்தம் தருவது கோத்திருக்கும் தாலியும் காசும். கொடி அறுந்து அவை வேறு இடத்தில் விழுந்திருந்தால், தாலி கிடைத்த இடத்தைச் சுற்றி ஆறடித் தூரம் வரை அரித்தே பார்க்க வேண்டும்.