சின்ன கேரவன் இழுக்க ஃபார்ச்சூனர் டீசல் எப்படி?

பெங்களூரில் கேரவன் டிரெய்லர் வாங்க நினைப்பவர்கள் முதலில் குதிரைத்திறனைத்தான் கேட்கிறார்கள், நான் பார்க்கச் சொல்வது டார்க்கையும் (இஞ்சினின் சுழற்றும் விசை) சேசிஸையும் (வண்டியின் அடிச்சட்டம்). எங்களுடையது ஃபார்ச்சூனர் 2.8 டீசல் ஆட்டோமேட்டிக். 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் இஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே (குறைந்த ஆர்பிஎம்) கிடைப்பதால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் டிரெய்லரோடு திணறாமல் ஏறுகிறது. மேனுவலில் 420தான். லேடர் ஃப்ரேம் வண்டி, அதாவது ஏணி மாதிரியான தனி இரும்புச் சட்டத்தின் மேல் பாடி அமர்ந்தது என்பதால், டிரெய்லர் கொக்கியைச் சட்டத்திலேயே போல்ட் போட்டு மாட்டலாம், அந்த உறுதி எனக்கு ரொம்பவே முக்கியம்.

இறக்கம்தான் உண்மையான பரீட்சை. பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், கியரைக் குறைத்து இஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி விடுங்கள், இல்லையென்றால் பாதி வழியிலேயே கருகல் வாடை வந்துவிடும். அப்புறம், டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அமர வேண்டும். தண்ணீர் கேன்களையெல்லாம் பின்பக்கம் அடுக்கினால் ஓசூர் நெடுஞ்சாலையில் லாரி தாண்டும்போது டிரெய்லர் வாலாட்டும்.

விலை அதிகம், நகருக்குள் மைலேஜும் குறைவு. பட்ஜெட் இடித்தால் ஸ்கார்பியோ என் டீசல் ஆட்டோமேட்டிக்கை ஓட்டிப் பாருங்கள், 400 நியூட்டன் மீட்டர், அதுவும் லேடர் ஃப்ரேம்தான்.