மூடி வைத்த லேப்டாப் பையில் சூடாகிறது: டெபியனும் ஃபர்ம்வேரும்

மன்னார்குடியில் நெல், உரக் கணக்கும் கொஞ்சம் தமிழ் டிடிபி வேலையும் பார்க்கிறேன். சில வருடமாக எல்லா வேலையும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட ஒரே லேப்டாப்பில்தான். லேப்டாப் நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வேலைக்கு டெபியன் போதுமா என்றால் தாராளமாகப் போதும், லிப்ரே ஆபீஸிலும் இங்க்ஸ்கேப்பிலும் தமிழ்99 தட்டச்சிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. தொந்தரவெல்லாம் அதற்கும் கீழே, மதர்போர்டிலேயே பதிந்து, லேப்டாப்பை எழுப்பி விடுகிற ஃபர்ம்வேரில் (பயாஸ் என்று சொல்வதும் இதைத்தான்).

நிறுவும்போதே ஆரம்பித்தது. இன்ஸ்டாலருக்குச் சேமிப்பகமான எஸ்எஸ்டியே கண்ணில் படவில்லை. பயாஸில் ஸ்டோரேஜ் இன்டெல் ஆர்எஸ்டி என்ற தனி முறையில் இருந்தது, பொதுவான ஏஎச்சிஐ முறைக்கு மாற்றியதும் தெரிந்துவிட்டது. விண்டோஸையும் வைத்துக்கொள்கிறவர்கள் சும்மா மாற்றிவிடாதீர்கள், அது நீலத்திரையில் நின்றுவிடும். அடுத்த முறை சேஃப் மோடில் ஏறும்படி முதலில் அமைத்துவிட்டு, பிறகு மாற்றுங்கள்.

பெரிய பிரச்சினை தூக்கம். மூடியை மூடிப் பையில் வைத்துத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினால், இறங்கும்போது பை சுடும், பேட்டரி பாதி போயிருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் 5 வரை கரண்ட் இல்லாத நாளில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்வீஸ் கடைக்காரர் பார்த்துவிட்டு, "லினக்ஸ் போட்டா இப்படித்தான் சார்" என்றார். அதை நான் ஏற்கவில்லை.

பழைய லேப்டாப்களில் எஸ்3 என்ற தூக்கம் உண்டு. அதில் ராமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். புதியவற்றில் பல நிறுவனங்கள் அதை எடுத்துவிட்டு மாடர்ன் ஸ்டாண்ட்பை வைத்திருக்கின்றன. இதில் ப்ராசஸர் முழுதாக அணையாது, ஆழ்ந்த ஓய்வுக்குப் போக வேண்டும். அதற்கு எஸ்எஸ்டி, வைஃபை என்று ஒவ்வொரு பாகமும் ஒத்துழைக்க வேண்டும், ஒன்று விழித்திருந்தாலும் மொத்தமும் விழித்துக்கொண்டிருக்கும். விண்டோஸ்காரர்களுக்கும் பை சுடுகிற அனுபவம் உண்டு. ஆனால் மின்சாரத்தை எப்படிக் கையாள்வது என்று இயங்குதளத்துக்குச் சொல்ல ஃபர்ம்வேரில் இருக்கும் ஏசிபிஐ அட்டவணைகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விண்டோஸில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள், அதனால் லினக்ஸின் மையமான கர்னலே, நீ எந்த இயங்குதளம் என்று ஃபர்ம்வேர் கேட்கும்போது, "நான் விண்டோஸ்" என்றுதான் பதில் சொல்லும். அந்த அளவுக்கு இறங்கி வந்தும் ஓட்டை எங்காவது மிஞ்சிவிடுகிறது.

எஸ்3 இல்லையென்றால் ஹைபர்னேட், அதாவது ராமில் இருப்பதை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு முழுதாக அணைப்பது, செய்யலாமே என்பார்கள். கையெழுத்தான மென்பொருளை மட்டும் ஏற விடுகிற செக்யூர் பூட் இயங்கினால் டெபியன் கர்னல் லாக்டவுன் என்ற கட்டுப்பாட்டு முறையில் ஏறும், அதில் ஹைபர்னேட்டுக்கு அனுமதி இல்லை. பாதுகாப்பா தூக்கமா, ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற நிலைமை. நான் செக்யூர் பூட்டை அணைத்தேன், மனசில்லாமல்தான்.

அப்புறம் ஒரு பயாஸ் அப்டேட் வந்தது. போட்டதும் ஒரு இரவு முழுக்க மூடி வைத்தாலும் பேட்டரி கொஞ்சம்தான் குறைகிறது. டெபியனில் நான் எதையும் தொடவில்லை, அதே கர்னல்தான். கோளாறு எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை. ஆனால் அந்த அப்டேட் விண்டோஸில் மட்டும் ஓடுகிற கோப்பாகத்தான் கிடைத்தது, அதற்காகவே ஒரு விண்டோஸ் பார்ட்டிஷனை வைத்திருக்கிறேன். அப்டேட் முடிந்ததும் ஃபர்ம்வேர் டெபியனின் பூட் பதிவை அழித்துவிட்டு நேராக விண்டோஸுக்குப் போனது, நிறுவாமலே லினக்ஸ் ஓடுகிற லைவ் பென்டிரைவில் ஏறி, டெபியனை ஏற்றிவிடும் க்ரப்பை மறுபடி பதிய வேண்டியிருந்தது.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லேப்டாப் நிறுவனங்கள் லினக்ஸுக்காக ஃபர்ம்வேர் அப்டேட்டுகளைப் போட்டு வைக்க எல்விஎஃப்எஸ் என்ற பொதுச் சேவை இருக்கிறது, டெல் அதில் ஆரம்பத்திலேயே சேர்ந்தது, லெனோவோ 2018இல் வந்தது. பட்டியலில் உள்ள மாடல் என்றால் எஃப்டபிள்யூயுபிடி என்ற நிரல் மூலம் டெபியனில் இருந்தே பயாஸை ஏற்றலாம். அதே 2018இல், பயனர்கள் குறை சொன்ன பிறகு, லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறைக்கு பயாஸில் "லினக்ஸ்" என்றே ஒரு தூக்க அமைப்பைச் சேர்த்தார்கள். நம் ஊரிலேயே 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் வந்தது. வாங்குகிறவர் ஒப்பந்தத்திலேயே கேட்டுவிட்டால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்.

செக்யூர் பூட்டை இயக்கி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லினக்ஸ் ஏறுவதற்கான ஷிம் என்ற சிறு நிரலில் கையெழுத்திடும் மைக்ரோசாஃப்டின் 2011 சான்றிதழ் 2026 ஜூன் வரைக்கும்தான். ஏற்கெனவே கையெழுத்தான ஷிம் அந்தத் தேதியால் நின்றுவிடாது, ஆனால் இனி வரப்போகும் ஷிம்களை ஏற்க 2023 சான்றிதழ் ஃபர்ம்வேரில் இருக்க வேண்டும். அப்டேட்டே வராத மாடல்கள் அங்கே மாட்டும்.

அடுத்து வாங்கும்போது கடையிலேயே லைவ் பென்டிரைவைச் செருகிப் பார்த்துவிடுவேன். சிஸ் கோப்புறையில் பவர் என்பதன் கீழே மெம் ஸ்லீப் என்று ஒரு கோப்பு, அதைத் திறந்தால் "டீப்" என்ற சொல் இருக்க வேண்டும், இருந்தால் எஸ்3 உண்டு. இல்லையென்றால் மூடியை மூடிக் கால் மணி நேரம் விட்டு, கையால் தொட்டுப் பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காத கடையில் வாங்க மாட்டேன்.