மூன்று போர் விளையாட்டுகள், ஒரு சாப்பாட்டு மேசை

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீட்டில் இருந்துகொண்டு, பலகையில் ஆடும் போர் விளையாட்டுகளைச் சேர்ப்பவர், எந்தப் பெட்டி அரியது என்று பார்ப்பதற்கு முன்னால், ஓர் ஆண்டில் அதை எத்தனை முறை திறக்கப்போகிறோம் என்றே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சேகரிப்பாளர்கள் எல்லாரும் இதை ஏற்பதில்லை. ஜூரோங்கில் வசிக்கும் நண்பர் ஒருவர், அட்டைத் தாள்களிலிருந்து படைகளைக் குறிக்கும் சில்லுகளைப் பிரித்தெடுக்காமல், வாங்கியபடியே அடுக்கி வைத்திருக்கிறார். பிரித்துவிட்டால் கைமாற்றி விற்கும்போது விலை குறையும் என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் நம் ஊர் ஈரப்பதம் திறக்காத பெட்டிக்கும் இரக்கம் காட்டுவதில்லை. அலமாரியின் அடித்தட்டில் மூன்று ஆண்டுகள் நான் தொடாமல் வைத்திருந்த ஒரு பெட்டியைத் திறந்தபோது, வரைபடப் பலகை அப்பளம்போல் வளைந்து, நான்கு மூலைகளிலும் சாம்பல் நிறப் பூஞ்சை பூத்திருந்தது. அன்றுமுதல் விளையாடும் பெட்டியைத்தான் சேகரிப்பு என்று கருதுகிறேன். அந்த அளவுகோலை வைத்தே, தொடக்கநிலைச் சேகரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் மூன்று ஆட்டங்களை இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் ஆக்சிஸ் அண்ட் அலைஸ். லாரி ஹாரிஸ் வடிவமைத்த இந்த ஆட்டம், 1984இல் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட பதிப்பால்தான் உலகெங்கும் பரவியது. சோவியத், ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான், அமெரிக்கா என ஐந்து வல்லரசுகள் மோதும் ஆட்டம், 1942ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் தொடங்குகிறது. சிங்கப்பூர் சரணடைந்தது அதே ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி என்பதால், முதல் பகடை உருளுவதற்கு முன்பே நம் தீவின் கதை முடிந்துவிடுகிறது. பிரிட்டனுக்காக ஆடுபவர் இந்தியாவைக் காப்பதிலேயே கவனம் செலுத்த வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் டாங்கிகளும் போர்க்கப்பல்களும் பலகை நிறைய அணிவகுக்கும் காட்சிக்கு ஈடில்லை. குறை எங்கே என்றால், அந்தப் பதிப்பின் காலாட்படை தாக்கும்போது பகடையில் 1 விழுந்தால்தான் எதிரிக்குச் சேதம். தற்காக்கும்போதோ 1 அல்லது 2 விழுந்தால் போதும். மூன்றே மூன்று பணப்புள்ளிகளுக்குக் கிடைக்கும் இந்த வீரர்களை இருதரப்பும் எல்லையில் குவித்துக்கொண்டே போக, நடு ஆட்டம் தேங்கிவிடுகிறது. ஐந்து பேரை அரை நாளுக்கு ஒன்றுசேர்க்க, சீனப் புத்தாண்டின் இரண்டு நாள் விடுமுறையைத் தவிர வேறு வாய்ப்பு எனக்கு அமைந்ததில்லை.

இதற்கு நேர் எதிரானது மெமுவார் 44. நார்மண்டித் தரையிறக்கத்தின் 60ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2004இல் ரிச்சர்ட் போர்க்கின் வடிவமைப்பில் வெளிவந்தது. இடம், நடு, வலம் என மூன்று பகுதிகளாகப் பிரிந்த களத்தில், எந்தப் பகுதியில் எத்தனை படைகளை நகர்த்தலாம் என்பதைக் கையிலுள்ள சீட்டு தீர்மானிக்கிறது. இருவர் ஒரு மணி நேரத்திற்குள் முடித்துவிடலாம். விதிகளைப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இடப்பக்கம் எதிரி நெருங்கும்போது கையில் அந்தப் பக்கத்துக்கான சீட்டே இல்லாத தவிப்பு, படைத்தலைவனின் கட்டளை களத்தைச் சென்றடையாத நிலையை அழகாக உணர்த்துகிறது. ஆயினும் தொடர்ந்து பத்து முறை ஆடியபின், வென்றது என் திட்டமா என் பகடையா என்ற ஐயம் எனக்கு எழுந்தது.

மூன்றாவதாகிய ட்வைலைட் ஸ்ட்ரகிளுக்கே என் மனம் சாய்கிறது. அனந்த குப்தாவும் ஜேசன் மேத்யூசும் வடிவமைத்து, 2005இல் ஜிஎம்டி கேம்ஸ் வெளியிட்ட இது, 1945 முதல் 1989 வரையிலான பனிப்போரை இருவருக்கான பத்துச் சுற்றுகளாகச் சுருக்குகிறது. படைகளை வரைபடத்தில் நகர்த்தும் வழக்கமான போர் விளையாட்டு அன்று என்பதால், அறுகோணக் கட்டங்களிலேயே ஊறிய சில மூத்த சேகரிப்பாளர்கள் இதைத் தங்கள் வரிசையில் சேர்ப்பதில்லை. இந்த ஆட்டத்துக்கு உயிரூட்டுவதோ ஒரே ஒரு விதி: எதிராளிக்குச் சாதகமான நிகழ்வு கொண்ட சீட்டை, அதிலுள்ள செயல்புள்ளிகளை உங்கள் செயல்களுக்குச் செலவிட நீங்கள் போட்டாலும், அந்த நிகழ்வு நடந்தே தீரும். ஆகவே கையில் வந்த கெடுதலை எப்போது, எந்த வரிசையில் இறக்கினால் சேதம் குறையும் என்பதே ஆட்டம் முழுதும் நீளும் கணக்கு.

தேசிய சேவையை முடித்த அக்கா மகனுடன் ஆடிய ஓர் இரவை இதற்குச் சான்றாகச் சொல்ல வேண்டும். அவன் சோவியத், நான் அமெரிக்கா. அணுப்போர் அபாயத்தைக் காட்டும் டெஃப்கான் அளவு 2க்கு இறங்கியிருந்தது. 1க்கு இறங்கினால் அணுப்போர் மூண்டு, அப்போது எவருடைய முறையோ அவரே தோற்பார். அவன் கையில் எஞ்சியவை, அந்த அளவை ஒரு படி இறக்கும் 'டக் அண்ட் கவர்', எனக்கு ஒரு செயல்புள்ளியைத் தரும் 'சிஐஏ கிரியேட்டட்' ஆகிய இரண்டு அமெரிக்கச் சீட்டுகளே. ஆபத்தான சீட்டை விண்வெளிப் போட்டிக்குள் தள்ளி மறைக்கும் வாய்ப்பையும் அவன் அந்தச் சுற்றில் முன்பே செலவழித்துவிட்டான். ஒன்றை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம், மற்றொன்றைப் போட்டே ஆக வேண்டும். "மாமா, எதைப் போட்டாலும் நான்தான் தோற்பேனா?" என்று கேட்டுவிட்டு, சீட்டுகளைப் பிடித்தபடி வெகுநேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இறுதியில் 'சிஐஏ கிரியேட்டட்' விழுந்தது. கிடைத்த ஒரே புள்ளியைக் கொண்டு ஆப்பிரிக்காவின் முக்கிய நாடொன்றில் நான் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியைத் தொடங்க, அதனால் டெஃப்கான் 1க்கு இறங்கி, அவனுடைய முறையிலேயே உலகம் அணுப்போருக்குள் போயிற்று.

வரைபடத்தில் சிங்கப்பூருக்குத் தனிக்கட்டம் இல்லை. மலேசியா என்ற கட்டம் உண்டு. தென்கிழக்காசியாவின் மதிப்பெண் சீட்டில் தாய்லாந்துக்கு மட்டும் இரண்டு புள்ளி, மற்ற நாடுகளுக்கு ஒவ்வொன்று. நம் வட்டாரம் ஒரு காலத்தில் எப்படி எடைபோடப்பட்டது என்பதை அந்தச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இதற்குள்ள குறையையும் மறைக்கக் கூடாது. சீட்டுகளை மனத்தில் வைத்திருப்பவருக்கும் முதன்முறை ஆடுபவருக்கும் இடையே போட்டியே இருக்காது. ஆகையால் ஒரே எதிராளியோடு திரும்பத் திரும்ப ஆட வாய்ப்புள்ளவர்கள் மட்டும் இதை வாங்கலாம். மற்றவர்கள் மெமுவாரிலிருந்து தொடங்குவது நல்லது.

விலையைப் பொறுத்தவரை, 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு; அது இப்போது 9 விழுக்காடு. 1985இல் வந்த அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர் போன்ற பெரிய ஆட்டங்களின் விதிநூலைப் படிக்கவே பல வாரங்கள் வேண்டும் என்பதால், அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

புரூஸ் மான்ஸ்ஃபீல்ட் வடிவமைத்து 2019இல் வெளியான 'காந்தி' ஆட்டத்தை மட்டும் விட மனமில்லை. பிரிட்டிஷ் அரசு, காங்கிரஸ், முஸ்லிம் லீக், புரட்சியாளர்கள் என நான்கு தரப்புகள், 1917 முதல் 1947 வரையிலான இந்தியாவில் மோதும் ஆட்டம் இது. ஐவரை விட நால்வரைச் சேர்ப்பது எளிது. தேக்காவில் சந்திக்கும் எங்கள் குழுவில் இந்த வரலாற்றை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். வரும் சீனப் புத்தாண்டு விடுமுறையில், ஆக்சிஸ் அண்ட் அலைஸுக்கு ஒதுக்கும் அந்த இரண்டு நாள்களை இதற்கே கொடுப்பதென்று முடிவெடுத்துவிட்டோம்.