மெத்தையா, விரிப்பா, திரையா? காப்பகப் பூனைகளுக்குப் பழந்துணியில் எதைத் தைக்கலாம்

கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு காலை. மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் தன் வீட்டுப் பின்விறாந்தையில் இருபதுக்கு மேற்பட்ட பூனைகளை வைத்துப் பார்க்கிற அக்கா ஒருவர், நான் தைத்துக் கொடுத்த வட்ட மெத்தை ஒன்றைக் கொடியிலிருந்து எடுத்தார். கழுவிப் போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. இரண்டு கையாலும் அமுக்கிக் காட்டினார். விரல் இடுக்கால் தண்ணீர் வடிந்தது. “வடிவாத்தான் தச்சிருக்காய் மகள். மாரிக்கு இத எங்க காயப் போடுற?” என்று கேட்டார்.

அதுவரை நான் தைத்ததெல்லாம் என் கண்ணுக்குப் பிடித்த படுக்கைகள். அன்றைக்குப் பிறகு எந்தத் துணியை எடுத்தாலும் முதலில் எனக்கு வருகிற கேள்வி, இது காயுமா என்பதுதான். வீட்டில் பழந்துணி குவிந்து கிடக்கிறது, காப்பகத்துக்கு ஏதாவது தைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக, நான் தைத்துப் பார்த்தவற்றை ஒன்றோடொன்று வைத்துச் சொல்கிறேன்.

பஞ்சு அடைத்த மெத்தை

தைக்க ஆசையாக இருப்பது இதுதான். வட்டமாக வெட்டி, சுற்றிவர உயர்த்தி, நடுவில் குழி விட்டால் பார்க்கிறவர்கள் எல்லோரும் மகிழ்வார்கள். உள்ளே அடைக்க இலவம்பஞ்சு, பழைய ஸ்பொஞ், தையல் கடையில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகள் என்று எதுவும் சரி. காசும் செலவில்லை.

ஆனால் வெட்டுத்துண்டு அடைத்த மெத்தை நனைந்தால் கல் போலப் பாரம். இலவம்பஞ்சு இரண்டாம் கழுவலிலேயே கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். ஸ்பொஞ் மூத்திரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மணம் போகாது. மணம் இருந்தால் பூனை திரும்பவும் அதிலேயே போகும். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்றோடு மழை பெய்கிற எங்கள் கரையில், நடுப்பகுதி ஈரமாகவே இருந்து பூஞ்சணம் பிடித்த மெத்தைகளை நானே எடுத்து எறிந்திருக்கிறேன்.

குளிருக்கு மெத்தை வேண்டாமா என்று கேட்பார்கள். வளர்ந்த பூனையின் உடம்பு தன் சூட்டைக் காக்கவோ தணிக்கவோ பெரிதாகப் பாடுபடாமல் இருக்கிற வெப்பநிலை 30 முதல் 38 பாகை செல்சியஸ் வரை. கச்சான் என்கிற வறண்ட சூட்டுக்காற்று அடிக்கிற மாதங்களில் எங்களுக்கு வியர்த்துக் கொட்டும்போது அவை சீமெந்துத் தரையில் நீட்டி நிமிர்ந்து கிடப்பதைப் பார்த்தாலே தெரியும். தாயில்லாத குட்டிகளின் கதை வேறு. பிறந்த முதல் சில கிழமைகளில் அவற்றால் தங்கள் சூட்டைத் தாங்களே வைத்திருக்க முடியாது. எலும்பு துருத்திய கிழட்டுப் பூனைகளுக்கும் மெத்து வேண்டும். அவற்றுக்காக மட்டும் இப்போதும் மெத்தை தைக்கிறேன். உள்ளே பொலித்தீன் உறை போட்ட மெத்தை ஒன்று, கழற்றிக் கழுவ மேலுறை மூன்று.

இரட்டை மடிப்பு விரிப்பு

என் தேர்வு இதுதான். இரண்டு துண்டை முகத்துக்கு முகம் வைத்துத் தைத்து, ஒரு கை நுழையும் அளவு தைக்காமல் விட்டு, அதன் வழியாகப் புரட்டி, ஓரம் அடித்து, நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு தையல் ஓடினால் முடிந்தது. அந்தக் குறுக்குத் தையல் இல்லாவிட்டால் கழுவும்போது உள்துணி சுருண்டுவிடும். மெசினில் ஒன்றுக்குக் கால் மணித்தியாலம் போதும். காலையில் கழுவிப் போட்டால், ஒரு சொட்டு வெயில் இருந்தாலே மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

துணிதான் இங்கே முக்கியம். நல்ல பருத்திச் சாரத்துக்கு (லுங்கிக்கு) நிகராக நான் வேறொன்றைக் காணவில்லை. பத்து வருடம் கட்டித் துவைத்த மருதமுனைக் கைத்தறிச் சாரம் மெதுமெதுப்பாக இருக்கும், சாயம் விட்டு முடிந்திருக்கும், ஈரத்தை இழுக்கும். என்னிடம் வருகிற சாரங்கள் தையலைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 80 அங்குலத்துக்கு 48 அங்குலம். 20 அங்குலத்துக்கு 24 என்று வெட்டினால் 8 துண்டு, அதாவது 4 விரிப்பு. 2004 கடற்கோள் தறிகளையும் அள்ளிக்கொண்டு போன ஊர் மருதமுனை. அந்தத் துணி மூலையில் கிடந்து இற்றுப் போவதைப் பார்க்க எனக்கு மனம் வராது.

துவாயும் நன்றாக உறிஞ்சும். ஆனால் அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டும். மாட்டிய காலை இழுத்து இழுத்துக் கத்துகிற குட்டியை ஒருமுறை பார்த்த பிறகு, துவாயை உள்ளே வைத்து மேலும் கீழும் சாரத்துணி போடுகிறேன். காத்தான்குடியில் அபாயா தைக்கிற கடைகளில் கறுப்பு வெட்டுத்துண்டு பைபையாகக் கிடைக்கும். பார்க்க ஆசைதான். ஆனால் அந்தத் துணிகளில் பெரும்பாலானவை பொலியெஸ்டர், தண்ணீரை இழுக்காது, வழுக்கும், உதிர்ந்த மயிர் முழுவதும் ஒட்டிக்கொள்ளும். நைலோன் சேலையும் அப்படியே.

விரிப்புக்கு இன்னொரு நன்மையும் உண்டு, நான் பெரிதாக மதிப்பது அதைத்தான்: எறிய மனம் வரும். பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் ஒரு கூட்டில் வந்தால், அந்தக் கிருமி வீட்டுக்குள் ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் துணியை எரித்துவிடுவதே பாதுகாப்பு. பாடுபட்டுத் தைத்த மெத்தை என்றால், தைத்தவளுக்கு மனம் நோகுமே என்று காப்பகத்துக்காரர் தயங்குவார். கால் மணித்தியால விரிப்பை யோசிக்காமல் நெருப்பில் போடுவார். பூனையை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோகும்போது விரிப்பையும் கூடவே கொடுத்து விடலாம். புது வீட்டில் தன் மணம் உள்ள துணி ஒன்று இருந்தால் அது சீக்கிரம் அடங்கும்.

கூட்டுத் திரை

இதை யாரும் கேட்பதில்லை, யாரும் தைப்பதும் இல்லை. விரிப்புக்கு அடுத்தபடி நான் வைப்பது இதைத்தான்.

புதிதாக வந்த பூனை கூட்டின் பின்மூலையில், மணல் தட்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். அது ஒளிய இடம் தேடுகிறது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10 க்கு ஒளிந்திருக்கப் பெட்டி கொடுத்தார்கள், மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை முதல் சில நாளிலேயே பதற்றம் குறைந்து இடத்துக்குப் பழகின. அங்கே காட்போட் பெட்டி சரிவரும். எங்கள் மாரியில் காட்போட் இரண்டு நாளில் ஊறிக் கூழாகிவிடும்.

பழைய கதவுச்சீலை ஒன்றைக் கூட்டின் முன்பக்கத்தில் பாதிக்கு மட்டும் தொங்கவிட்டால் அதே வேலை நடக்கும். மேல் ஓரத்தில் துணி நாடா வைத்து, முடிச்சு வெளிப்பக்கம் வரக் கட்ட வேண்டும். முழுவதையும் மூடக்கூடாது, காற்று வேண்டும். கல்லடியில் முதல் திரையைக் கட்டிய அன்று, இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கிடந்த ஒரு சாம்பல் பூனை, திரையின் நிழல் விழுந்த பக்கத்துக்கு நகர்ந்தது. இரவு மீன் சோறு காலியாகியிருந்தது என்று அக்கா தொலைபேசியில் சொன்னார். ஒரு பூனையை வைத்து எதையும் நிறுவ முடியாது, தெரியும். அடுத்த நாளே வீட்டில் இருந்த கதவுச்சீலைகளை எல்லாம் வெட்டினேன்.

தொட்டில்

பழைய டெனிமில், கூட்டின் நான்கு கம்பியில் கொழுவித் தொங்கவிடுகிற தொட்டிலும் நல்ல யோசனைதான். கீழே காற்று ஓடும், வெயில் காலத்தில் விரும்பி ஏறும். ஆனால் கொழுக்கி வாங்கக் காசு, மூலைகளில் பல தடவை திருப்பித் தைக்க இரண்டு மணித்தியாலம், டெனிம் காயவும் நேரம் எடுக்கும். கூடு உயரமில்லாவிட்டால் பயனில்லை. கேட்டால் மட்டும் தையுங்கள்.

விளையாட்டுச் சாமான்

சின்னப் பிள்ளைகளோடு இருந்து தைக்க நல்லது. டீசேர்ட் துணியை உருண்டையாக முடிந்து கொடுங்கள், அது நூல் பிரியாது. பொத்தான் கண், றிபன் வால், இலாஸ்ரிக் எதுவும் வேண்டாம். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. வாயில் அகப்பட்ட நூலைத் துப்ப முடியாமல் விழுங்கிவிடும். அது குடலில் போய், பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவது போலக் குடலைச் சுருக்கிவிடும். சத்திரசிகிச்சை இல்லாமல் தப்புவது கடினம். எதைத் தைத்தாலும் நூல் வாலைக் கத்தரித்துவிட்டுக் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் உண்டு. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனைகள் வந்து உரசிப் புரளும். அதை உள்ளே வைத்துத் தைக்கலாமே என்று பலர் கேட்டார்கள். அந்தச் செடியில் சயனைட்டை வெளிவிடும் பொருள் ஒன்று இருப்பதால், மென்று தின்னக்கூடிய எதற்குள்ளும் நான் வைப்பதில்லை.

கொடுக்கும் முன்

எல்லாவற்றையும் சவர்க்காரத்தூளில் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். தண்ணீரில் விட்டால் பால்போல் வெளுக்கிற கிருமிநாசினிகளும் பீனோல் வகைகளும் வேண்டாம். அவற்றை முறித்து வெளியேற்றும் வல்லமை பூனையின் ஈரலுக்குக் குறைவு. துணியில் தங்கியதை நக்கினாலே ஆபத்து. காப்பகத்தில் நோய்க்கிருமி கொல்ல வீட்டுப் பாவனைக்கான வெளுப்புத் திரவம் 1 பங்குக்குத் தண்ணீர் 32 பங்கு என்று கலந்து, கழுவிய துணியைப் 10 நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசுவார்கள். அதைத் தாங்காத துணியைக் கொடுத்துப் பயனில்லை.

இந்தக் கிழமை மெசினுக்குப் பக்கத்தில் இருப்பது அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சாரம். இருந்து எழும்புகிற பக்கம் தேய்ந்து, தூக்கிப் பிடித்தால் யன்னல் தெரிகிறது. அந்த இடத்தை விட்டு வெட்டினால் 3 விரிப்பு வரும். மிச்சத்தில் திரைக்கு நாடா கிழிக்கலாம்.