ஐந்து வருஷத்துக்குப் பணத்தைப் பூட்டுவது: கிரெடிட் யூனியனா, புரோக்கர் சி.டி.யா?

2023 அக்டோபரில் என்னிடம் 25,000 டாலர் சும்மா கிடந்தது. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி அப்போது 5.25 முதல் 5.50 சதவீதம். ஓராண்டு சி.டி.க்கு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குப் பூட்டிவைக்கும் டெபாசிட்டுக்கு, 5 சதவீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். எங்கள் கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களே உரிமையாளர்களான கூட்டுறவு வங்கி மாதிரி) ஐந்தாண்டுக்கு 4.5 தான். நண்பர்கள் ஓராண்டுக்குப் போட்டார்கள், நான் ஐந்தாண்டுக்குப் போட்டேன். 2024 செப்டம்பரில் வட்டிக் குறைப்பு தொடங்கியது. அடுத்த மாதம் அவர்கள் புதுப்பிக்கப் போனபோது அந்த 5 கிடைக்கவில்லை. இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. வட்டி ஏறியிருந்தால் அவர்கள்தான் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

பாதுகாப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. வங்கிக்கு எஃப்.டி.ஐ.சி., கிரெடிட் யூனியனுக்கு என்.சி.யு.ஏ. என்ற மத்திய அரசு அமைப்புகள் உண்டு; இரண்டிலும் ஒரு நிறுவனத்தில் ஒருவர் பெயருக்கு 250,000 டாலர் வரை காப்பீடு. தனியார் காப்பீடு மட்டுமே உள்ள கிரெடிட் யூனியன்களும் சில உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரெடிட் யூனியனில் சி.டி.யை ஷேர் சர்டிஃபிகேட் என்றும் வட்டியை டிவிடெண்ட் என்றும் சொல்வார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், நம்ம ஊர் எஃப்.டி.தான்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது நடுவில் உடைத்தால் என்ன ஆகும் என்பதுதான். ஐந்து வருஷத்தில் வேலை போகலாம், ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன் வரலாம். என் சர்டிஃபிகேட்டில் அபராதம் 180 நாள் டிவிடெண்ட், அதாவது சுமார் 555 டாலர். இரண்டு வருஷம் கழித்து உடைத்தாலும் கூட்டு வட்டியை விட்டுக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 3.4 சதவீதம் மிஞ்சும். நான் விசாரித்த இன்னொரு இடத்தில் அபராதம் 365 நாள். அதே தொகைக்கு அங்கே தரும் 4.75 சதவீதத்தில் சுமார் 1,188 டாலர் போய்விடும். வட்டி கால் சதவீதம் கூட என்று அங்கே போயிருந்தால் அவசரத்தில் அழுதிருப்பேன். மூன்றே மாதத்தில் உடைத்தால் சில இடங்களில் அசலிலும் கை வைப்பார்கள். அதனால் 25,000-ஐ மொத்தமாகப் போடாமல் 5,000 வீதம் ஐந்து சர்டிஃபிகேட்டாகப் பிரித்தேன். தேவைக்கு ஒன்றை உடைத்தால் மற்ற நான்கும் அப்படியே ஓடும். கவுண்டரில் இருந்த பெண் கொஞ்சம் முகம் சுளித்தார், அவ்வளவுதான்.

வங்கி வெளியிடும் சி.டி.யைப் பங்கு புரோக்கர் கணக்கு வழியாக வாங்கினால், அதில் அபராதம் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. அவசரமென்றால் சந்தையில் விற்க வேண்டும். வட்டி ஏறிய நேரத்தில் விற்றால் அசலே குறையும், எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ‘காலபிள்’ வகையாக இருந்தால், வட்டி இறங்கும்போது வங்கியே பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம். நீண்ட காலத்துக்குப் போட்ட நோக்கமே போச்சு. ஆனால் நான் ஒன்றே ஒன்று வாங்கி முதிர்வு வரை வைத்திருந்தேன், விற்றுப் பார்த்ததில்லை. விற்றவர்கள் சொல்வதற்கே எடை அதிகம்.

இன்னொரு வழி அரசு டிரெஷரி பத்திரம்; அதன் வட்டிக்கு மாநில வருமான வரி கிடையாது. நான் இருக்கும் டெக்சாஸில் அந்த வரியே இல்லாததால் எனக்கு லாபமில்லை. கலிஃபோர்னியாக்காரராக இருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பேன்.

அப்புறம், முதிர்வு தேதியைத் தவறவிட்டால் பெரும்பாலான இடங்களில் அன்றைய வட்டிக்குத் தானாகவே புதுப்பித்துவிடுவார்கள். பணத்தை எடுக்க எங்கள் கிரெடிட் யூனியன் தரும் அவகாசம் 10 நாள். ஐந்து சர்டிஃபிகேட்டுக்கும் முதிர்வு தேதியைப் போனில் அலாரமாக வைத்திருக்கிறேன்.